சுண்டுவிரல் அளவு

ஜெசிந்தாவை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வேன்
ஆறேகாலுக்கு.
கப்பல்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடித்து
நான் படியேறுவது ஆறு ஐந்துக்கு.
நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தில்
குழந்தை கைமாறும்.
கூடவே ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு ஒன்று:
"இன்னிக்குப் பூசணி. அவி, மசிக்காதே.
அவளே எடுத்துத் தின்னட்டும்."

குதைபியாவில், மூன்றாம் மாடியில்,
ஏசி இரைச்சலுக்குள்
ஒன்பது மாதக்காரி விழித்திருக்கிறாள்.
தூங்கவேண்டியவன் நான்.
அதைப் பற்றி எங்களுக்குள்
இதுவரை பேச்சே எழுந்ததில்லை.

கீழே கோல்டு ஸ்டோரில் ஷம்சு
ஊரைச் சொல்லித்தான் காய் விற்பார்.
"எகிப்து சர்க்கரைவள்ளி இருக்கு,
ஓமான் பூசணி நேத்து வந்தது,
கென்யாக்காரி இன்னும் பழுக்கலை."
கென்யாக்காரி என்பது அவகாடோ.
மகள் பிறந்தது இங்கே, மனாமாவில்.
இந்தக் கடையிலேயே
இறக்குமதி ஆகாத ஒரே சரக்கு
இடுப்பில் உட்கார்ந்துகொண்டு
ஷம்சுவின் பேனாவைப் பிடுங்குகிறது.

அளவு எனக்குப் பழக்கம்.
தகட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடினால்
சூப்பர்வைசர் சாக்பீஸால் வட்டம் போடுவார்,
அந்த வட்டத்தை நான் கனவிலும் பார்த்திருக்கிறேன்.
வீட்டில் அளவுகோல் என் சுண்டுவிரல்.
துண்டு அவள் பிடிக்குள் பாதி மறையவேண்டும்,
பாதி வெளியே நிற்கவேண்டும்.
வெளியே நிற்பது வாய்க்கு.
உள்ளே இருப்பது பிடிக்கு,
அப்புறம் தலைமுடிக்கு, சுவருக்கு,
என் பனியனுக்கு.

திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக.
ஆப்பிள் வேகாமல் கூடவே கூடாது.
போன மாதம் ஒரு துண்டு
தொண்டையில் நின்று அவள் முகம் சிவந்தபோது
இந்தக் கை அவளைக் குப்புறப் பிடித்துத்
தட்டியது. எத்தனை முறை என்று தெரியாது.
துண்டு தரையில் விழுந்தது.
அழுதாள், நிறுத்தினாள்,
அதை மறுபடி எடுக்கப் போனாள்.
எனக்குத்தான் எழுந்து நிற்க
வெகுநேரம் ஆயிற்று.

வெந்ததா என்று பார்க்க
இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கச் சொல்வாள் ஜெசிந்தா.
பதினோரு வருடம் கிரைண்டர் பிடித்த விரல்.
அதற்குக் கல்லும் களியும் ஒன்று.
அதனால் உதட்டால் நசுக்கிப் பார்க்கிறேன்,
பல் படாமல்,
பல்லே முளைக்காதவன் மாதிரி.

தட்டில் பூசணி ஆறு, கேரட் நாலு,
நெய் தடவி வாட்டிய இட்லிக் கீற்று மூன்று.
முதல் பூசணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நக்கினாள்.
கீழே போட்டாள், விழுகிற சத்தம் கேட்க.
இரண்டாவதும் சத்தத்துக்கே.
இட்லியைக் காதில் வைத்துப் பார்த்தாள்.
கடைசியில் ஒரு கேரட்டை ஈறுகளால் கடித்து
என்னை முறைத்துக்கொண்டே விழுங்கினாள்,
கடன் வாங்கியவனைப் பார்ப்பது போல.
ஒரு மணி நேரச் சமையல்.
வயிற்றுக்குள் போனது
ஒன்றேகால் கேரட்.

தட்டில் மிஞ்சியது என் டிபன் பாக்ஸுக்கு.
நடுராத்திரி இடைவேளையில் திறந்தேன்.
பக்கத்தில் வெல்டர் லோக்ராஜ்,
செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் பிடுங்கியவன்,
வீங்கிய கன்னத்தோடு
தன் ரொட்டியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.
பாக்ஸை நகர்த்தினேன்.
ஒன்றை எடுத்தான். விளக்கொளியில் பிடித்துப் பார்த்து,
"யார் இவ்வளவு சரியா வெட்டினது?" என்றான்.
வாயில் போட்டான். கண்ணை மூடினான்.
"உப்பே இல்லையே, பாய்."
"சின்னவளுக்குச் செஞ்சது, போடக்கூடாது."
தலையாட்டினான். தலையாட்டியபடியே
ஐந்தையும் தின்று முடித்தான்.

இன்று காலை கூடுதலாக நாலு துண்டு.
கட்டைவிரல் அளவு. உப்பு உண்டு,
ஒரு சிட்டிகை மிளகும்.
சின்ன டப்பாவில் போட்டு மூடித்
தள்ளி வைத்திருக்கிறேன்.

நாற்காலியில் இருந்து அவள்
தன் தட்டை ஒதுக்கிவிட்டு
அந்த டப்பாவைத்தான் கேட்கிறாள்,
பத்து விரலும் விரித்து.